அப்பாவின் காதுக்கு ஒரு ட்யூனர்

அத்தியாயம் 17

போன வாரம் கோரென் தன் பேஸ் கிடாரைப் பெட்டியில் வைத்து, கொக்கிகளை அழுத்திப் பூட்டி, பீரோவின் தலையில் ஏற்றிவிட்டார் அல்லவா? அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் மனைவி அஸ்னிவ் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் மேலே ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு எடுக்க வந்ததை மறந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவாள்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு நிச்சயதார்த்த விருந்து. வாசித்தது நஸரேத்தின் குழு. நஸரேத், அஸ்னிவின் தம்பி. கடற்கரை ஓட்டல் ஒன்றை மூடியபோது அங்கே போர்வைக்கடியில் கிடந்த பழைய ஆர்கனை இந்தக் கோடையில்தான் வாங்கிவந்திருந்தார். உள்ளே மோட்டார் சுழன்று, அதோடு வரிசை வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் சுழன்று ஒலி எழுப்பும் ஆர்கன். அதைத் துடைக்கிற துணியைக்கூட வேறு எதற்கும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

அன்று கோரென் அந்த ஆர்கனோடு சேர்த்துத்தான் தன் தந்திகளைச் சுருதி கூட்டினார். விருந்தாளிகள் வந்தார்கள், கரண்ட் போனது, வந்தது, பாட்டு ஆரம்பித்தது. கிடார் ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. அடுத்த பாட்டுக்கு முன்னால் கோரென் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினார். சரியாகத்தான் இருந்தது. கேக் வெட்டும்போது விளக்கு ஒரு தடவை அணைந்து வந்தது, முடித்து வந்து வாசித்தால் மறுபடி அதே கூத்து. பெண்ணின் பெரியப்பா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கோரெனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்த் துறைமுகம் வெடித்த நாளிலிருந்து கோரெனுக்கு இடது காது கேட்காது. அது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆகவே யாரும் அதிகம் யோசிக்கவில்லை. மற்ற காதும் போய்விட்டது, பாவம் என்று சொல்லிவிட்டார்கள். கோரெனும் அதையே நம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

*

இன்று காலை அர்பி சமையலறையில் காப்பி பொங்குவதற்காகக் காத்து நின்றாள். மகள் அர்பியிடம் ஒரு ரகசியம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். மாண்ட்ரியலில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. இருந்த ஒரே சந்தோஷத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய மனிதரிடம் போய், நானும் கிளம்புகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அப்பா இதிலிருந்து மீண்டு எழுந்து நின்றால் நான் சொல்லிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எழுந்து நிற்காவிட்டால் வேலையை விட்டுவிடுவாள் என்பதை அம்மா கேட்காமலே புரிந்துகொண்டாள்.

கோரென் வந்து உட்கார்ந்தார். காப்பியை ஊதினார், குடிக்கவில்லை. இன்று சாயங்காலம் கிளப் மண்டபத்தில் ஒத்திகை இருக்கிறது என்றார். சனிக்கிழமை கல்யாணத்துக்கு முன்னால் கடைசி ஒத்திகை. இன்றும் சரிவரவில்லையென்றால் ஸஹ்லே ஊரிலிருந்து வேறு ஒருவரைக் கூப்பிடுவதாக நஸரேத் சொல்லிவிட்டாராம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாராம்.

"மரியாதையா சொன்னானா? வரட்டும், இந்த வீட்ல அவனுக்கு மரியாதையா சோறு போடறேன்" என்றாள் அஸ்னிவ்.

கோரென் மகளைப் பார்த்தார்.

"அந்த மிஷின் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா. சுருதி காட்டுமே, அது."

அர்பிக்குப் பகீரென்றது. ஏனென்றால் ட்யூனர் என்றால் இந்த வீட்டில் கெட்ட வார்த்தை. கல்யாண வீடுகளில் யாராவது கிடாரில் அதை மாட்டிக்கொண்டு நின்றால், தம்பிக்குக் காது ரிப்பேரா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் கோரென். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடாரின் மேல்கொம்பைத் தாடையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, தந்தியைத் தட்டுவார். மரத்திலிருந்து எலும்புக்கு வருகிற அதிர்வில் சுருதி பிடிப்பார். அப்படிப்பட்டவர் இன்று மிஷின் கேட்கிறார்.

"எது நல்லதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? ஸாபெலைக் கேளு. கேக்காமலே சொல்லுவா."

*

ஸாபெலின் வாத்தியக் கடை ஆர்மேனியா தெருவின் வளைவில், பாஸ்தெர்மா என்கிற மசாலா உப்புக்கண்டம் தொங்கும் இறைச்சிக்கடைக்கு அடுத்தது. கடைக்குள் எப்போதும் வெந்தயமும் பூண்டும் மணக்கும். அங்கே வயலின் வாங்கியவர்கள் வீட்டில் வயலினும் மணக்கும் என்று தெருவில் சொல்வார்கள். ஸாபெலுக்கு அந்தக் கேலி பிடிக்காது, ஆனால் அவளே அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நிச்சயதார்த்தக் கதை அவளுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். மூன்று ட்யூனர்களை எடுத்து கண்ணாடி மேசை மேல் வைத்தாள். சுவரிலிருந்து ஒரு பேஸ் கிடாரை இறக்கி, மூன்றையும் இதில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள் என்றாள்.

முதலாவது தீப்பெட்டி அளவு இருந்தது. மேசையில் வைத்தால் போதும், காற்றில் வரும் சத்தத்தைக் கேட்டு, அது எந்த ஸ்வரம் என்று எழுத்தில் காட்டும். அர்பி தந்தியைத் தட்டினாள். அது கிடாரை விட்டுவிட்டு வெளியே போன மோட்டார் சைக்கிளுக்கு ஓர் எழுத்து காட்டியது. ஸாபெல் இருமினாள், அதற்கும் ஒன்று காட்டியது. அடித் தந்தியைத் தட்டியபோது மட்டும் ஒன்றுமே தெரியாத மாதிரி சும்மா இருந்தது. நேற்று இரவு அர்பி தன் போனில் முயன்று பார்த்தபோதும் இதே கதைதான்.

"பேஸ்ஸுக்கு வாங்குறதுன்னா மத்ததெல்லாம் விடு. அடித் தந்தியைப் பிடிக்குதான்னு மட்டும் பாரு" என்றாள் ஸாபெல். "அது சத்தம் இல்ல கண்ணு, நடுக்கம். எல்லா மிஷினுக்கும் அது கேக்காது."

இரண்டாவது, துணி மாட்டும் கிளிப் மாதிரி. கிடாரின் தலையில் கவ்விக்கொண்டு மரத்தின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. வெளியே எந்தச் சத்தம் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அர்பிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அப்பாவின் தாடை செய்கிற வேலையைத்தானே இதுவும் செய்கிறது! மேல் தந்திகள் மூன்றையும் சட்டென்று காட்டியது. அடித் தந்திக்கு மட்டும் முள் ஆடியது, யோசித்தது, மறுபடி ஆடியது. தந்தியைப் பாதி நீளத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு தட்டினால் ஒலி மேலே ஏறும், அப்போது பிடித்துக்கொள்ளும் என்று ஸாபெல் செய்து காட்டினாள். பிடித்துக்கொண்டது. ஆனால் மேடையில், அத்தனை பேர் பார்க்க, அப்பா இந்த வித்தையெல்லாம் செய்துகொண்டிருப்பாரா?

மூன்றாவது இரும்புப் பெட்டி. தரையில் வைத்துக் காலால் மிதிக்க வேண்டும். கிடாரை ஸ்பீக்கரோடு இணைக்கிற கம்பி நேராக இதற்குள் போகிறது, ஆகவே தந்தி சொல்வதைத் தவிர வேறு எதையும் இது கேட்காது. ஸாபெல் அதை மிதித்துவிட்டு அடித் தந்தியைத் தட்டச் சொன்னாள். அர்பி தட்டினாள். பெட்டியில் பளிச்சென்று ஓர் எழுத்தும், நடுவில் பச்சை விளக்கும் வந்தன. ஆனால் ஸ்பீக்கரில் எதுவும் கேட்கவில்லை.

அர்பி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிதிச்சா வெளிய சத்தம் போகாது" என்றாள் ஸாபெல். "அவர் எவ்வளவு நேரம் வேணா கூட்டிக்கலாம். யாருக்கும் கேக்காது."

யாருக்கும் கேட்காது. அந்த ஒரு வார்த்தையில் அர்பி முடிவு செய்துவிட்டாள். விலை மூன்றிலும் அதிகம்தான், ஆனாலும் அப்பாவின் தடுமாற்றம் இனி ஒரு பெரியப்பாவுக்கும் கேட்காது. பாட்டரியிலும் ஓடுமா என்று மட்டும் கேட்டாள். எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் கேட்கிற கேள்வி அது. ஓடும் என்றாள் ஸாபெல்.

பெட்டியில் போட எடுக்கும்போதுதான் அர்பி அதைக் கவனித்தாள். கிடாரில் யாருமே கை வைக்கவில்லை. தந்திகள் அசையாமல் இருந்தன. ஆனால் ட்யூனர் ஓர் எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜி. முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கம் நின்றது.

"அக்கா, இது யாரு வாசிக்கிறது?"

ஸாபெல் சிரித்தாள். கரண்ட்டு என்றாள். கம்பியில் ஓடுகிற மின்சாரத்துக்கு ஒரு முனகல் உண்டு, பழைய கிடார்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், தந்தியைத் தொட்டால் அடங்கிவிடும். அர்பி தொட்டாள். எழுத்து மறைந்தது. கையை எடுத்தாள். வந்தது. தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தாள்.

பிறந்ததிலிருந்து கரண்ட் வந்துவிட்டதா, போய்விட்டதா என்று கேட்டே வளர்ந்தவள் அவள். அதற்கு ஒரு ஸ்வரம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தச் சுவர்களுக்குள், இந்தத் தெருவுக்கடியில், மலைவரைக்கும் போகிற கம்பிகளில் எல்லாம் ஒரே ஸ்வரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அதற்குள்ளேயே சமைக்கிறோம், தூங்குகிறோம். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது பத்து மணி ஆகி அரசாங்கக் கரண்ட் போயிற்று. கடை இருண்டது. பின்சந்தில் தெரு ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் திரும்ப வந்தன. பாட்டரியில் ஓடிய ட்யூனர் மட்டும் அணையாமல் இருந்தது. அர்பி பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்து மறுபடி வந்தது, ஆனால் இப்போது அதன் பக்கத்தில் ஒரு குறி சேர்ந்திருந்தது. அரைப்படி மேலே.

"மாறிடுச்சே" என்றாள்.

"மாறத்தான் செய்யும். அது வேற இஞ்சின், வேற வேகம்" என்று சொல்லிவிட்டு ஸாபெல் மீதிச் சில்லறை தேடப் போய்விட்டாள். அர்பியும் அதை அதோடு விட்டுவிட்டாள்.

*

சாயங்காலம் கோரென் பீரோமேலிருந்து பெட்டியை இறக்கினார். அஸ்னிவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கினேன் என்றாள். சமையலறையில் வெங்காயமே இல்லை.

கிளப் மண்டபத்தில் நஸரேத் முன்னமே வந்து ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடகி லுசீனும் டிரம்காரரும் ஒரு மூலையில் கறி தடவிச் சுட்ட லஹ்மஜுன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோரெனைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ரொம்ப அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள். செத்த வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

கோரென் இரும்புப் பெட்டியைத் தரையில் வைத்தார். நஸரேத்தின் புருவம் உயர்ந்தது.

"அட, அத்தானும் மிஷினுக்கு வந்துட்டீங்களா! நல்லது, நல்லது. காலத்தோட போகணும்ல."

அதில் கேலி பாதிதான், நிம்மதி பாதி. கோரென் ட்யூனரை மிதித்தார். மிதித்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. பழக்கம் விடவில்லை. கிடாரைத் தூக்கி, கொம்பைத் தாடையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். ஆணியை ஒரு மயிரிழை திருப்பினார். தட்டினார். அடுத்த தந்திக்குப் போனார். வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அர்பி குனிந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித் தந்தி, பச்சை. அடுத்தது, பச்சை. மூன்றாவதும் நான்காவதும் பச்சை. நடுவில். முள் ஒரு பக்கமும் சாயவில்லை. அவர் கண்ணையே திறக்கவில்லை.

அர்பி சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். அப்பா கிடாரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு காது செத்து, மறு காதை ஊரே சந்தேகப்பட்டு, அவரே சந்தேகப்பட்டு நிற்கிற ஒரு மனிதரின் எலும்புக்குள் இப்படி ஒரு நேர்கோடு இருக்கிறதே! அதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"அப்பா, நாலும் சரியா இருக்கு."

கோரென் கண்ணைத் திறந்து பார்த்தார். நம்பவில்லை. மிஷினைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு மிஷின் வாங்கினா அதைச் சோதிச்சுப் பாக்கணும்" என்று நஸரேத் எழுந்து வந்தார். "என் ஆர்கனை வெச்சுப் பாருங்க. இதுல தப்பு காட்டினா மிஷின் தப்புன்னு அர்த்தம்."

ஆர்கனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியைப் பிடுங்கி, அவரே ட்யூனரில் செருகினார். போய் ஒரு கட்டையை அழுத்தினார். ஏ. நடுவில் பச்சை. வரிசையாக அழுத்தினார். எல்லாம் பச்சை. புதுக் கல்யாண மாப்பிள்ளை போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பிகளைப் பழையபடி மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

லுசீன் பாட, வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது. ஆர்கன் மேலே விரிந்தது, கிடார் அடியில் தரை போட்டது. அர்பிக்குக் கண் கலங்கியது. இன்று ராத்திரியே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று.

யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இருட்டில் டிரம்காரர் ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிளப்பின் ஜெனரேட்டர் பின்பக்கம் கிளம்பியது. விளக்கு வந்தது. நஸரேத் ஆர்கனின் இரண்டு ஸ்விட்சுகளையும் பிடித்து மோட்டாரை மறுபடி கிளப்பினார், அது சுழன்று வேகம் பிடித்தது. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நாலு அடி வாசிப்பதற்குள் லுசீன் நின்றுவிட்டாள். டிரம்மும் நின்றது. கோரெனின் கை தந்தியின் மேலேயே உறைந்துபோயிற்று.

அதே கூத்து. கிடார் ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம்.

நஸரேத் கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அத்தான், நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. கல்யாண வீடு. அவங்க காசு குடுத்துக் கூப்பிடறாங்க."

கோரென் தலையாட்டினார். தோளிலிருந்து வாரைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு அந்தக் காட்சியை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

"கழட்டாதீங்கப்பா" என்றாள் அர்பி.

அவள் மண்டியிட்டு ட்யூனரை மிதித்தாள், கையால்தான். நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக, தானே தட்டினாள். பச்சை, பச்சை, பச்சை, பச்சை. எதுவும் இளகவில்லை. அப்போதுதான் கடையில் பார்த்தது அவள் மண்டையில் வந்து உட்கார்ந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, அரைப்படி மேலே ஏறிய அந்த எழுத்து.

"மாமா, உங்க கம்பியக் குடுங்க."

"எதுக்கு? அதான் பாத்தாச்சே."

"இன்னொரு தடவை பாக்கலாம்."

கம்பியை மாட்டினாள். நஸரேத் முணுமுணுத்துக்கொண்டே அதே ஏ கட்டையை அழுத்தினார்.

ட்யூனரில் ஏ இல்லை. அதற்கு அடுத்த படியின் எழுத்து இருந்தது. அதையும் முழுதாக எட்டாமல், இடப்பக்கம் சிவப்பாக நின்றது. நஸரேத் அடுத்த கட்டையை அழுத்தினார். அதுவும் அப்படியே. அடுத்தது. அதுவும் அப்படியே. மேலிருந்து கீழ்வரை ஆர்கன் முழுசாக, ஒரே அளவில், இடம்பெயர்ந்திருந்தது.

பின்பக்கம் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய தலையும் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

"மோட்டாரு" என்றார் நஸரேத், தனக்குத்தானே. "ஓட்டல்ல எந்நேரமும் ஒரே கரண்ட்டு. இங்க இஞ்சின் வேகமா ஓடுது. அதோட சேந்து இதுவும் வேகமா சுத்துது."

எண்ணிப் பாருங்கள். சந்தில் டீசல் குடித்துக்கொண்டு ஓர் இஞ்சின் ஓடுகிறது. அது ஓடுகிற வேகத்துக்கு இங்கே மண்டபத்தில் பாட்டின் சுருதி ஏறுகிறது. பாடகி அறியாமல் ஆர்கனோடு ஏறுகிறாள். கேட்பவர்களும் அதோடு ஏறிவிடுகிறார்கள். ஊரே ஏறிவிட்ட பிறகு, ஏறாமல் நின்ற ஒரே ஆள்தான் குற்றவாளியாகத் தெரிகிறான்.

கோரென் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு மச்சான்" என்றார். "ஆர்கன்தான் விலகுதுன்னு கேட்டுச்சு. ஒரு காது செத்தவன் சொன்னா யாரு நம்புவா? நானே நம்பல."

நஸரேத் எழுந்து வந்தார். அத்தானின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார், கறுப்புக் கோட்டோடு.

"மேடையில உங்களை எல்லாரும் பாத்தப்போ, நானும் சேந்து பாத்தேன் அத்தான்."

"விடு. உன் ஆர்கன் மேலயும் தப்பில்ல. சோறு போடறவன் மாறினா அதுவும்தான் என்ன பண்ணும்" என்றார் கோரென்.

முதலில் சிரித்தது லுசீன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் கல்யாணத்தன்று என்ன செய்வது? நடுவில் எத்தனை தடவை கரண்ட் மாறுமோ, யாருக்குத் தெரியும்? ஆர்கனை ஆணி திருகிக் கூட்ட முடியாது. ட்யூனரையாவது ஜெனரேட்டருக்குத் தக்கபடி ஏற்றி வைக்கலாமா என்று அர்பி பொத்தானை அழுத்திப் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஏறி நின்றுவிட்டது. இஞ்சின் போன உயரத்துக்கு அது வரவில்லை.

கோரென் எழுந்தார். கம்பிகளைப் பழையபடி மாட்டிவிட்டு, நஸரேத்தை ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கிடாரைத் தூக்கிக் கொம்பைத் தாடையில் அழுத்தினார், கண்ணை மூடினார். ட்யூனரை மிதித்துத்தான் இருந்தார், ஆகவே கிடார் யாருக்கும் கேட்கவில்லை. ஆர்கனின் ஒற்றை ஸ்வரம் மட்டும் மண்டபத்தில் நீண்டுகொண்டிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். ஆணிகள் நான்கும் திரும்பின.

அர்பி ட்யூனரைப் பார்த்தாள். நான்கு தந்திக்கும் சிவப்பு. நான்கும் தப்பு என்றது மிஷின். ஆனால் நான்கிலும் முள் ஒரே இடத்தில், ஆர்கனுக்குக் காட்டிய அதே இடத்தில் நின்றது.

"லைட்டைப் பாக்காத" என்றார் கோரென், கண்ணைத் திறக்காமலே. "பாட்டைக் கேளு."

வாசித்தார்கள். நான் அன்று அந்த மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன், ஆகவே சொல்கிறேன். சுவரில் இருந்த பழைய குழுக்களின் புகைப்படச் சட்டங்கள் நடுங்கின. பின்னால் இஞ்சினும் அதே சுருதியில்தான் உறுமியது, அதையும் கிடார் சேர்த்து அணைத்துக்கொண்டது. இத்தனை வருஷமாக நான் சபித்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர் அன்று குழுவில் ஒரு ஆளாக இருந்தது. கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் நஸரேத் போனை எடுத்து ஸஹ்லேக்கு அழைத்தார். வேண்டாம், ஆள் இருக்கிறார் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. நஸரேத்தின் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. படியேற வேண்டியிருந்தது. அர்பி கிடார் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கோரென் மூச்சு வாங்கியபடி, வலது கையால் கைப்பிடியையும் இடது கையால் மகளின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறும்போதே அன்றைய பாட்டைத் தொண்டைக்குள் முனகிக்கொண்டு வந்தார். அந்த முனகல் அவர் கை வழியாக அவள் தோளில் அதிர்ந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். இனி சாக்குச் சொல்ல முடியாது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் நேருக்கு நேர் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவள் இருந்தது அவருடைய இடதுபக்கம், கேட்காத பக்கம். அது அவளுக்குத் தெரியும். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் அப்புறம் மேலே போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

"நான் மாண்ட்ரியல் போறேம்பா. வேலை கிடைச்சிருக்கு" என்று மிக மெல்லச் சொன்னாள்.

முனகல் நிற்கவில்லை. அவர் அடுத்த படி ஏறினார், அதற்கடுத்த படியும் ஏறினார். அர்பிக்கு அப்பாடா என்று இருந்தது. அழுகையும் வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கோரென் தோளிலிருந்து கையை எடுத்து, பையில் சாவியைத் துழாவினார். கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்கல்லாம் கரண்ட்டே போகாதாமே. ஆர்கன் எப்பவும் ஒரே சுருதியில நிக்குமோ?"

அவர் கை இருந்த தோளைத் தொட்டபடி அர்பி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். சாவி கிடைத்துவிட்டது, ஆனால் அவர் அதைக் கதவில் போடவில்லை.